சேதி போடாத சனிக்கிழமை

"போட்டோ எடுக்காதீங்க அத்தை. போன உள்ள வைங்க."

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே குணசுந்தரி சொன்னாள். பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி. முடிச்சு நழுவியது. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"மொகத்த எடுக்கலடி. மாலைய மட்டுந்தான் எடுத்தேன்," என்றாள் அப்பாவின் தங்கை பிரேமாவதி அத்தை.

"மாலையப் பாத்தாலே தெரிஞ்சிரும். எடுக்காதீங்க."

"இது என்னாடி புதுச் சட்டம்? செத்த வீட்டுல ஒரு போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பலன்னா யாருக்குத் தெரியும்? அப்புறம் எனக்குச் சொல்லல, ஒனக்குச் சொல்லலன்னு பெடோங்குல இருந்து பண்டார் பாரு வரைக்கும் சண்டைக்கு வருவாங்க."

"சாயங்காலம் சொல்லிக்கலாம்."

"சாயங்காலமா? மனுசன் விடியும்போதே போயிட்டாரேடி."

குணசுந்தரி துணியை இழுத்துப் பார்த்தாள். முடிச்சு இந்தத் தடவை நின்றது.

பக்கிரிசாமி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு வாரத்துக்கு மூன்று தடவை சுங்கைப் பட்டாணிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். கூட்டிப்போய்க் கூட்டிவந்தவள் குணசுந்தரி. அதற்காகவே கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலைக்கு மாறியவள். ஒரே மூச்சாகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அம்மா போய் வெகுநாள். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் இவள். இளையவன் சசிதரன் கொரியாவில் இருந்தான். அன்று அவனுக்கு அங்கே ஆட்டம். இங்கே மணி நாலு அடிக்கும்போது அங்கே மேடையில் விளக்கு எரியும்.

ஆட்டம் என்றால் பரதம் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. நவீன நடனம் என்பான் சசி. "சாமி எறங்காத சாமியாட்டம்" என்று அப்பா பெயர் வைத்திருந்தார். சசியும் ரூபினியும் இன்னும் நாலு பேரும், எல்லாரும் இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பெடோங் பூப்பந்து மண்டபத்தில் பந்தடிக்கிறவர்கள் போன பிறகு தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பழகியவர்கள். எட்டு வருடம் விழுந்து புரண்டும் பினாங்கைத் தாண்டியதில்லை. அங்கே பார்த்த யாரோ ஒரு கொரியாக்காரி கூப்பிட்டுத்தான் இப்போது முதல் தடவையாகக் கடல் தாண்டியிருந்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று பக்கிரிசாமி தாமான் முழுக்க வீடு வீடாக லட்டு கொடுத்தார். இனிப்பு ஆகாத உடம்போடு தானும் ஒன்றைத் தின்றுவிட்டு மகளிடம் திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே மகனைக் கேட்டார்:

"விழுந்து விழுந்து எந்திரிக்கிறதப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் கூப்புடுறான்? நம்ம பாத்ரூமுக்கு வரச் சொல்லுடா. நான் தெனமும் அதத்தான் செய்றேன்."

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்த தர்மலிங்கம் மாமா, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். இனி இந்த வீட்டுக்குப் பெரியவர் அவர்தான்.

"பாலாய்ல ரிப்போட் குடுத்தாச்சு. பெர்மிட் வந்துருச்சு. பெட்டிக்காரன் பின்னாடியே வர்றான். சசிக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல மாமா."

"போன் கெடைக்கலியா?"

"போடல."

மாமா தலைக்கவசத்தைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போடலன்னா?"

"ஆட்டம் முடியட்டும் மாமா. முடிஞ்ச ஒடனே நானே சொல்றேன்."

"கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். ஒத்தப் புள்ள. அப்பன் செத்துக் கெடக்கறாரு, அவன் அங்க குதிச்சுக்கிட்டு இருப்பானா? ஊரு என்னா சொல்லும்?"

"ஊருக்குச் சொன்னாத்தானே ஊரு சொல்லும்."

"குணா, வாயாடாத. இப்பச் சொன்னா இன்னைக்கே கெளம்பி ராத்திரிக்குள்ள வந்துருவான்."

"ஆட்டம் முடிச்சுக் கெளம்புனாலும் காலையில வந்துருவான். எப்படியும் நாளைக்குத்தானே எடுக்கப்போறோம். அவன் இல்லாட்டி ஆட்டம் இல்ல மாமா. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவன்தான் நிக்கறான். மத்த அஞ்சு பேரும் அவ்ளோ தூரம் போயிட்டுச் சும்மா திரும்பி வரணும்."

"வரட்டுமே! உசுரா போயிடும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று மாமாவுக்கு உறைத்தது. குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். மாமா விலகி வழிவிட்டார்.

பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடி மூடியை மூடியதும் அப்பா சின்னவராகிவிட்டார். பெட்டியின் மோட்டார் முனகத் தொடங்கியது.

"சாகும்போது ஏதாச்சும் சொன்னாரா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி கேட்டாரு," என்றாள் குணசுந்தரி.

காலையிலிருந்து இதே கேள்வியை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். டாக்டர் கேட்டார், அத்தை கேட்டாள், பக்கத்து வீட்டு எவலின் கேட்டாள். எல்லாருக்கும் அவள் தண்ணியைத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சுலபமாகிக்கொண்டே வந்தது.

எவலின் ஒரு பெரிய கோப்பிக் குடுவையோடும் பிஸ்கட் டின்னோடும் வந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அன்று முழுக்க அவள் வீட்டு அடுப்புதான். மாதா கோயில் பெண். சுவருக்குச் சுவர் இருபது வருடப் பழக்கம்.

"பசியாறு குணா. ஒண்ணாவது வாயில போடு."

"அப்புறம்க்கா."

"அப்புறம் அப்புறம்னு அப்புறத்துக்கே ஆச்சு." குணசுந்தரியின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு அவள் பந்தலைப் பார்த்தாள். "என்னா, கூட்டத்தையே காணோம்?"

"சேதியே போடல, எங்கேருந்து வரும் கூட்டம்?" என்று அத்தை ஆரம்பித்தாள். "போடவும் கூடாதாம். தம்பி பாத்துருவானாம். ஏன், அவனும் நம்ம கோயில் குரூப்புல இருக்கான்ல. சரி, நானும் இப்பச் சொல்ல வேணாம்னுதான் சொல்றேன்."

குணசுந்தரி ஆச்சரியமாகப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் பக்கம் பேசிய முதல் குரல் அது.

"இன்னைக்கு என்னா கெழம? சனி. சனிப் பொணம் தனியாப் போகாது. தொணை தேடும். இவரு இங்க படுத்திருக்காரு, அந்தப் பையன் சொன்ன கையோட பிளேன் ஏறி வானத்துல வருவான். வேணாம்டியம்மா. எடுக்கறது நாளைக்குன்னாலும் உசுரு போனது சனிதானே. ஒரு கோழியக் கொண்டாந்து கட்டணும். கட்டுனப்புறம் வரட்டும் அவன்."

"பிளேன்ல முன்னூறு பேரு வருவாங்க பிரேமாக்கா," என்றாள் எவலின். "அண்ணனுக்குத் தொணை வேணும்னா அவங்கள்ல ஒரு நல்ல ஆளாப் பாத்து எடுத்துக்குவாரு. பெத்த புள்ளையையா எடுப்பாரு?"

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு. ஒங்கள்ல சனிக்கெழம கெடையாது, ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

"சனிக்கெழம எங்களுக்கு பாவ சங்கீர்த்தனம். அதுவும் ஒண்ணும் லேசு இல்லலா."

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மாமாவைக் கோழி வாங்கப் பாசாருக்கு விரட்டினாள்.

குணசுந்தரி பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் யந்திரத்தின் மேல் அப்பாவின் நேற்றைய சட்டையும் சாரமும் கிடந்தன. அவற்றை உள்ளே போடுவதா, வெளியே எறிவதா என்று யாரிடம் கேட்பது? சுவரில் சாய்ந்து நின்று ரூபினிக்குப் போன் போட்டாள். குழுவின் டிக்கெட், கடப்பிதழ், சாப்பாடு எல்லாம் பார்க்கிறவள் ரூபினிதான். தம்பி திரும்பி வர இன்று ராத்திரிக்கு ஒரு டிக்கெட் வேண்டும். அதற்கு ஒருத்தியிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று குணசுந்தரி நினைத்தாள்.

"அக்கா! சாப்ட்டீங்களா? இங்க குளிரு தாங்கலக்கா! அண்ணன் ரெண்டு சிலுவார் போட்டுக்கிட்டுப் பழகறாரு. பாத்தா ஊதிப்போன குருவி மாதிரி இருக்காரு."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இல்லக்கா. லைட்டுக்காரங்கிட்ட கையக் காட்டிக் காட்டிப் பேசிக்கிட்டிருக்காரு. அவருக்கு இது புரியல, அவனுக்கு அது புரியல. ஏன்க்கா?"

"கொஞ்சம் தள்ளி வா, ரூபினி."

நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்து மூடியது.

"சொல்லுங்கக்கா."

"அப்பா போயிட்டாரு."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ புரியாத பாஷையில் என்னவோ சொல்ல, பல பேர் சிரித்தார்கள்.

"விடியக்காலையில. அவங்கிட்ட சொல்லாத. ஆட்டம் முடியட்டும். நானே சொல்லிக்கறேன். நீ ராத்திரி பிளேன்ல அவனுக்கு ஒரு டிக்கெட் மட்டும் பாத்து வச்சிரு. அதுக்குத்தான் ஒனக்குச் சொல்றேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அடிபட்ட குழந்தை ஏன் அடித்தாய் என்று கேட்பது மாதிரி இருந்தது.

"வேற யாருகிட்ட சொல்லச் சொல்ற?"

"மூணாவது பகுதியில நான் அவரு முதுகுல சாயணும்க்கா. கண்ண மூடிக்கிட்டு, என் பாரம் முழுசையும் அவருமேல விடணும். அரிசி மூட்டைய எறக்கி வைக்கிற மாதிரி. அவரு என்னைப் பாக்கவே மாட்டாரு. முதுகாலதான் பாப்பாரு. நான் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாலும் தெரிஞ்சிரும்க்கா. பொய் சொல்ற ஒடம்பு லேசா இருக்கும்னு அவருதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. இத வச்சிக்கிட்டு நான் எப்படிக்கா சாய்வேன்?"

குணசுந்தரிக்கு இது தெரியாது. அந்தப் பூப்பந்து மண்டபத்தில் ஒன்றிரண்டு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். விழுவார்கள், எழுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். வேலைக்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு பேசும், உடம்பைக் கேட்கவும் முடியும் என்பதெல்லாம் தம்பி மேடையில் சொல்கிற பெரிய பேச்சு என்றுதான் நினைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியலடா," என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"டிக்கெட் பாக்கறேன்க்கா." ரூபினி மூக்கை உறிஞ்சினாள். "ஒங்கப்பா எனக்கு ஒரு குளிர்ச்சட்ட குடுத்து அனுப்புனாரு. லோரி ஓட்டும்போது போட்டதாம். அதத்தான் போட்டிருக்கேன் இப்ப."

போனை வைத்த பிறகு குணசுந்தரி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஒருத்திக்குச் சொன்னால் பாரம் குறையும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது அப்படியே கைமாறி அந்தப் பெண்ணின் தோளில் போய் உட்கார்ந்ததுதான் மிச்சம். இவளுடையது இங்கே குறையவுமில்லை.

விடியுமுன் அப்பா கண்விழித்துக் கேட்டது தண்ணீர் அல்ல.

"தம்பிக்கு ஒரு போன் போடேன்."

"விடியட்டும்பா. இன்னைக்கு ஆட்டம் அவனுக்கு. தூங்குவான்."

"ம்," என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்புவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது. இவள் உதவிக்குப் போகவில்லை. களைப்பு. கண்ணை மூடித் திறந்ததுபோல்தான் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. கூப்பிட்டால் அவர் திரும்பவில்லை.

"குணா! ஏ குணா! இங்க வா!"

எவலினின் குரல். குணசுந்தரி எழுந்து ஓடினாள்.

பந்தலில் அத்தை போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எவலின் அதைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல் காலில் கட்டிய சிவப்புக் கோழி இருவருடைய காலுக்கு நடுவிலும் புகுந்து கத்தியது.

"நான் குரூப்புல போடலடி! சத்தியமாப் போடல! ஸ்டேட்டஸ்லதான் போட்டேன். வெறும் வெளக்கு படம். ஒரு வெளக்கு, ஒரு பூ. அண்ணனுக்கு ஆத்மா சாந்தின்னு ஒரே ஒரு வார்த்த."

"அழிங்க அத்தை."

"பேரு கூட எழுதலயே..."

"அழிங்கன்னு சொல்றேன்ல!"

பந்தலில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குணசுந்தரி அந்த வீட்டில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அத்தையின் முகம் சுருங்கியது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் அழுத்தினாள். அழிக்கத் தெரியவில்லை. எவலின் வாங்கி, யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தாள்.

"கோயில் தலைவரு. ஒங்க மக. பள்ளிக்கூடத்து சிக்கு தேவன். அந்த இன்சூரன்ஸ் பொம்பள. சசி இல்ல. குணா, சசி இல்ல." அழித்தாள். "போச்சு."

"நான் அழக்கூடக் கூடாதாடி?" என்றாள் அத்தை. "வாய்விட்டு ஒப்பாரி வைக்க வேணாம்னீங்க, பறை வேணாம்னீங்க. வெளக்கு கூடவா ஏத்தக்கூடாது? எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடந்தா, லோரிய நிறுத்தி ஏத்திக்கிட்டு வந்து விடுவாரு ஒங்கப்பா. ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன இப்படித் திருட்டுப் பொணமா வச்சிருக்கியேடி."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். குளிர்பெட்டியின் முனகல் வாசல் வரைக்கும் கேட்டது.

குணசுந்தரி அத்தையின் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரந்தான் அத்தை. நாலு மணிக்கு மேல நீங்க எவ்ளோ வேணும்னாலும் அழுங்க."

"நாலு மணிக்கு எனக்கு அழுக வருமாடி?" என்றாள் அத்தை. ஆனால் கையை எடுத்து அவள் தொடையில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

ரூபினியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. எல்லாருடைய போனையும் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டார்களாம், மேடைக்குப் போகிறார்களாம். தன்னுடையதையும் இதோ கொடுக்கப்போகிறாளாம்.

நாலு மணி வந்தது. வெயில் பந்தலின் ஓரத்தைத் தாண்டி முன்வரிசை நாற்காலிகளின் மேல் விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை ஒரு சாண் உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஐஸ்கிரீம் விற்பவன் தாமானுக்குள் மணியடித்துக்கொண்டு வந்தான். பந்தலைக் கண்டதும் மணியைக் கையால் பொத்திக்கொண்டு தள்ளிக்கொண்டு போனான். உள்ளே பெண்கள் ஊதுவத்தியை மாற்றினார்கள்.

குணசுந்தரி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். முதலாவதில் எல்லாரும் மண்டியிட்டிருப்பார்கள். இரண்டாவதில் ஓடுவார்கள். மூன்றாவது வரும்போது ரூபினி கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. ரூபினி சாய்ந்துகொண்டே இருந்தாள். முதுகு வந்து சேரவே இல்லை.

எவலின் ஒரு தட்டில் மீகூன் போட்டுக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். அது அங்கேயே ஆறியது.

வெயில் சாய்ந்த நேரத்தில் போன் அடித்தது. ரூபினி இல்லை, சசிதரன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆட்களைத் தாண்டி, பின்கட்டுக்குப் போய்த்தான் எடுத்தாள். அதற்குள் அடித்து அடித்து நின்றுபோகப் பார்த்தது.

"அக்கா."

மூச்சு இன்னும் வாங்கியது அவனுக்கு. பின்னால் டர்ர் டர்ரென்று என்னவோ கிழிபடும் சத்தம்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா வந்துச்சா?"

"எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. ரொம்ப நேரம்." நிறுத்தினான். "எப்பக்கா?"

அவள் துவைக்கும் யந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூபினி சொல்லிட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அந்த மூலையில ஒக்காந்து அழுதுகிட்டிருக்கா. மூணாவதுல என்மேல சாஞ்சா. பாரமே இல்ல. காத்து மாதிரி இருந்தா. அவளுக்கு ஏதாச்சும்னா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பா. சொல்லல. அப்ப எனக்குத்தான். எனக்குன்னா நீ, இல்லாட்டி அப்பா. நீயா இருந்தா அப்பா போன் போட்டிருப்பாரு."

"அதுக்கப்புறம் எப்படிடா ஆடுன?"

"நாலாவது பகுதி இருக்கேக்கா," என்றான்.

அந்தக் கிழிபடும் சத்தம் மறுபடியும் கேட்டது. நீளமாக, ஒரே இழுப்பில்.

"அது என்னா சத்தம்?"

"தரையில டேப்பு ஒட்டியிருந்தோம். பிரிக்கறாங்க. அடுத்த ஆளுங்க வந்துட்டாங்க." பிறகு கேட்டான். "ஏதாச்சும் சொன்னாராக்கா?"

அவளுடைய வாய் தயாராக இருந்தது. காலையிலிருந்து பழகிய வாய். அதற்கு அவள் உதவிகூடத் தேவையில்லை.

"ஒனக்குப் போன் போடச் சொன்னாரு," என்றாள். "விடியறதுக்கு முன்னாடி. நீ தூங்குவ, விடியட்டும்னு சொன்னேன். அவரு சரின்னு திரும்பிப் படுத்துட்டாரு. அவ்ளோதான்டா. நான் போடல."

டேப்பு கிழிந்து முடிந்தது. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயரின் பாதிதான் அவர்கள் வாயில் நுழைந்தது.

"நான் தூங்கலக்கா," என்றான் சசிதரன். "தூக்கம் வரல. பயமா இருந்துச்சு. முழிச்சிக்கிட்டு ஜன்னலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னான். அவள் உள்ளதைச் சொன்ன மாதிரியே.

"காலையில பினாங்குல எறங்கிருவேன். ரூபினி டிக்கெட் எடுத்து வச்சிட்டா."

"மாமாவ காடிய ஓட்டிக்கிட்டு வரச் சொல்றேன்."

"சாப்ட்டியாக்கா?"

"ம்."

"சரி. வைக்கறேன். இவங்க எடம் கேக்கறாங்க."

திரும்பி வந்தபோது மாமா நடுவாசலில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"அவனுக்கே தெரிஞ்சிருச்சு மாமா."

எப்படி என்று கேட்க மாமா வாயெடுத்தார். பிறகு கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். காலையிலேயே எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார். அப்பாவின் படம், லோரியின் கதவில் கை வைத்து நிற்கிற படம். கீழே பெயர், வீட்டு முகவரி, நாளை எத்தனை மணிக்கு எடுப்பது, எல்லாம் பிழையில்லாமல் இருந்தன.

"இப்பப் போடலாமா?"

"போடுங்க."

மாமா கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். முதலில் முன்வரிசையில் இருந்த அவர் மனைவியின் மடியில் டிங்கென்றது. பிறகு பந்தலில் ஒவ்வொரு நாற்காலியாக, சட்டைப் பையிலும் கைப்பையிலும் இடுப்பிலும். எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். இருந்தாலும் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். அத்தை அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "என் ராசாவே" என்று முதல் குரலை எடுத்தாள்.

டிவிக்குப் பக்கத்தில், மருந்து டப்பாக்களுக்கு நடுவே, அப்பாவின் போன் உறுமியது. கோயில் குரூப்பில் அவரும் இருந்தார். ஆழ்ந்த இரங்கல் என்று ஒருவர் போட, அடுத்தவர் போட, அதற்கடுத்தவர் கைகூப்பிய படம் போட, நிற்காமல் உறுமிக்கொண்டு அது கண்ணாடிப் பலகையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. குணசுந்தரி எட்டிப் பிடித்தாள். அணைக்கவில்லை. இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அதன் நடுக்கம் அடங்குகிறவரை நின்றாள்.